தரகர் அழைத்துவரும் இன்ஜினீயர் வேண்டாம்

சென்னை வேளச்சேரியில் நீங்கள் வாங்க நினைக்கும் 22 ஆண்டுப் பழைய அடுக்குமாடி வீட்டைச் சோதிக்கத் தரகரே இன்ஜினீயரை அழைத்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் சார். விற்றால்தான் கமிஷன் என்பவர் கூட்டிவரும் ஆள் விரிசலைப் பார்த்து வாய் திறப்பாரா? வீட்டைச் சோதிப்பவருக்கென்று இங்கே தனி உரிமம் கிடையாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரை நீங்களே அமர்த்துங்கள். அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று ஒரே பக்கத்தில் முடிந்திருந்தால் வேறு ஆள் பாருங்கள்.

நான் வாங்கவிருந்த வீட்டில், சோதிக்க வந்த இன்ஜினீயர் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். புதுப் பெயிண்டைச் சுத்தியலால் தட்டினார், பொத்தென்று ஓசை. பூச்சு உதிர்ந்ததும் துருவேறி உப்பிய கம்பி தெரிந்தது. முன்பணம் கொடுக்காமல் திரும்பினேன்.

2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைக் காவலாளியிடம் கேளுங்கள்.