பழைய கணினியின் மேனுவல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழுதாகிக் கிடந்த ஐபிஎம் பிசி 5150 ஒன்றை வாங்கி, சரிசெய்து ஓட வைத்துவிட்டேன். இப்போது அதன் மேனுவல்களை அச்சுப் பிரதியாகவே சேர்க்க ஆசை. எல்லாம் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கும்போது காகிதத்துக்கு எதற்குச் செலவு என்கிறார்கள் நண்பர்கள். டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மேனுவலில் இரண்டு பிரதிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒன்று புத்தம் புதிதுபோல இருக்கிறது. மற்றதில் பல பக்கங்களில் பென்சில் குறிப்புகள், விலையும் குறைவு. எதை வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே,

வாழ்த்துகள். வாங்குவதற்கு முன் உங்கள் கணினியின் மூடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். 5150-இல் இரண்டு வகை மதர்போர்டுகள் உண்டு: 16 முதல் 64 கிலோபைட் வரை ஏற்பது ஒன்று, 64 முதல் 256 வரை ஏற்பது இன்னொன்று. நினைவக அளவைச் சொல்லும் சுவிட்சுகளை வைக்கும் முறை இரண்டிலும் வேறு வேறு. அப்புறம் பயாஸின், அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை நிரலின், தேதி. டிஸ்க்கூட வேண்டாம், ரோமிலேயே (அழியாத நினைவகச் சில்லு) இருக்கும் பேசிக் நிரல்மொழியில் முகவரி வெளியின் கடைசி 16 பைட்டுகளைப் பீக் கட்டளையால் படித்தால் தேதி எழுத்தெழுத்தாக வந்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸில்தான் கூடுதல் கார்டுகளில் இருக்கும் ரோமைத் தேடி இயக்கும் பகுதி வந்தது. ஹார்டு டிஸ்க் கார்டுகளுக்கு அது அவசியம். டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மேனுவல் பயாஸ் நிரலை அப்படியே பட்டியலாக அச்சிட்டுத் தருகிறது. 1981 ஆகஸ்டில் வந்த அதன் முதல் பதிப்பில் அந்தப் பகுதி எப்படி இருக்கும்? உங்களிடம் இருப்பது 1982 பயாஸ் என்றால், அந்த முதல் பதிப்பு அலமாரிக்கு அழகு, பழுது பார்க்கும்போது குழப்பம். ஆகவே விற்பவரிடம் பதிப்புத் தேதி உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பைண்டரில் கோத்த தாள்கள் என்பதால் நடுவில் சில காணாமல் போயிருக்கலாம். பின்னால் பயாஸ் பட்டியலும் சர்க்யூட் வரைபடங்களும் முழுசாக இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

இரண்டு பிரதிகளும் ஒரே பதிப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், பென்சில் குறிப்புள்ளதை வாங்குங்கள். எந்தப் பக்கத்தை ஒருவர் திரும்பத் திரும்பப் புரட்டியிருக்கிறார், எந்த முகவரியின் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கணினியை வைத்து உண்மையிலேயே வேலை செய்த ஒருவரின் தடம். தயவுசெய்து ரப்பர் வைத்து அழித்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க பிடிஎஃப்தான் வேகம், மறுக்க மாட்டேன். ஆனால் வரைபடம் என்று வந்தால் கதை வேறு. 1982-இல் வந்த கொமடோர் 64 புரோகிராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடின் கடைசியில் மடித்து வைத்த பெரிய சர்க்யூட் தாள் ஒன்று இருக்கும். ஸ்கேனில் அது துண்டு துண்டாகிவிடும், பின் எண்கள் மங்கிவிடும். ஒரு கையில் மீட்டர் முள்ளைப் பிடித்துக்கொண்டு மறு கை விரலால் கோட்டைத் தொடர்ந்து போக மேஜையில் விரித்த தாள்தான் வசதி.

அதைவிட முக்கியமானது, இந்தப் புத்தகங்களில் தெரியும் தாராளம். 1978-இல் ஆப்பிள் II-க்கு வந்த சிவப்பு அட்டை மேனுவலில் சர்க்யூட் வரைபடத்தோடு ரோமில் இருந்த 'மானிட்டர்' என்ற அடிப்படை நிரலின் பட்டியலையும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஐபிஎம் தன் பயாஸ் முழுவதையும் விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்டது. பதிப்புரிமை அவர்களுடையதுதான். அதனால் காம்பேக் போன்ற போட்டிக் கம்பெனிகள் ஐபிஎம்மோடு ஒத்தியங்கும் பயாஸ் எழுதியபோது, மூல நிரலைப் பார்த்தவர்களை எழுதும் பக்கமே விடவில்லை. ஒரு தொழிலின் போக்கையே மாற்றிய அந்தப் பட்டியலை அன்று வாங்கியவர் பார்த்த அதே அச்சில் படிப்பது எனக்குப் பெரிய விஷயம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் கணினிப் பெட்டிக்குள் வந்ததல்ல, தனியாக விற்றது. கைடு டு ஆபரேஷன்ஸும் பேசிக் மேனுவலும்தான் கணினியோடு வந்தவை. 'முழு செட்' என்று விலை ஏற்றிச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள். வாங்கிய பிறகு தாள்களை பிவிசி உறையில் போடாதீர்கள், நாளாவட்டத்தில் அச்சு மை உறையில் ஒட்டிக்கொள்ளும். செலோடேப்பும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஐபிஎம்மின் தடித்த மேனுவல்கள் எப்படியும் கிடைத்துவிடும். சின்னக் கம்பெனிகளின் நினைவகக் கார்டு, சீரியல் கார்டோடு வந்த நாலு பக்கத் துண்டுத்தாள்கள்தான் அழிந்துகொண்டிருக்கின்றன. எந்த ஜம்பரை (கார்டின் அமைப்பை மாற்றும் சின்ன இணைப்பு) எங்கே போடுவது என்பது சில கார்டுகளுக்கு அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும். அப்படி ஒன்று கைக்கு வந்தால், இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள்.