மடக்குச் சவரக்கத்தி பழகுவோர் கேட்டவை

முதல் நாளே முகம் முழுக்க மழித்துவிடலாமா?

வேண்டாம். முதல் சில நாட்கள் கிருதாவுக்குக் கீழே இரண்டு கன்னங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை வழக்கமான ரேசர் பார்த்துக்கொள்ளும். கன்னம் பழகியபின் கழுத்து, கடைசியாக மேலுதடும் மோவாயும். எங்கேயானாலும் முடி வளரும் திசையில் மட்டும் இழுங்கள். எதிர்த்திசையைப் பிறகு பார்க்கலாம்.

கத்திக்கும் தோலுக்கும் இடையே 30 டிகிரி சாய்வு என்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று டிகிரியை எப்படி அளப்பது?

அளக்க வேண்டியதில்லை. கத்தியைக் கன்னத்தின்மேல் படுக்க வையுங்கள். அப்புறம் முதுகை (கூருக்கு எதிர்ப்பக்கத் தடித்த விளிம்பை) மட்டும், அதன் தடிமனைப்போல இரண்டு மடங்கு உயரத்துக்கு எழுப்புங்கள். ஏறக்குறைய அந்தச் சாய்வு வந்துவிடும். அதிகம் நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும், ரொம்பப் படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். காதையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சாய்வு சரியாக இருந்தால் முடி அறுபடும் சரசரப்பு சீராகக் கேட்கும்.

இதைவிட முக்கியம், கத்தி பிடிக்காத கை. தோலை இழுத்துப் பிடிப்பது அதுதான். நுரையில் விரல் வழுக்கினால் ஈரப் படிகாரத்தை விரல்நுனியில் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும். கத்தி எப்போதும் கூருக்குக் குறுக்காகத்தான் நகர வேண்டும். கூரின் நீளவாக்கில் ஒரு நூல் நகர்ந்தாலும் தோல் பிளந்துவிடும்.

புத்தம்புதுக் கத்தி, முடியைப் பிடுங்குகிறது. என் கையில்தான் கோளாறா?

பெரும்பாலும் கத்தியில்தான். பெட்டியிலிருந்து வரும் எல்லாக் கத்தியும் மழிக்கத் தயாரான கூரோடு வருவதில்லை. 1000 எண் கல்லில் தொடங்கி 8000, 12000 என்று நுணுக்கமான கல்வரை தீட்டினால்தான் அந்தக் கூர் வரும். முதல் முறை தெரிந்தவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்குங்கள். மழிப்பதையும் தீட்டுவதையும் ஒரே நேரத்தில் கற்றால், தப்பு எங்கே என்றே தெரியாது.

கூரைச் சீராக்கும் தோல்பட்டையில், அதாவது தோல்வாரில், தேய்க்கத் தேய்க்கக் கூர் மழுங்குகிறதே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கல்லில் தீட்டும் பழக்கத்தில், தோலிலும் கூர் முன்னால் போகும்படி தள்ளிவிடுகிறோம். தோலில் முதுகுதான் முன்னே போக வேண்டும், கூர் பின்னால் இழுபட வேண்டும். கடைசிக்கு வந்ததும் கத்தியைத் தோலிலிருந்து தூக்காமல் முதுகின்மேலேயே புரட்டுங்கள். என் முதல் தோல்வாரில் ஒரே வாரத்தில் நான்கு பிறைவெட்டுகள். எல்லாம் முதுகுக்குப் பதில் கூரின்மேல் புரட்டியதால் வந்தவை.

வார் தொய்ந்திருந்தாலும், கையால் அழுத்தினாலும் கூர் உருண்டுவிடும். வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள், கத்தியின் எடையே போதும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் 30 முதல் 50 முறை போய்வந்தால் சரி. வேகம் தானாக வரும். சலூனில் பார்த்த 'சடார் சடார்' நமக்கு வேண்டாம்.

பாதி பிளேடு மாட்டும் கத்தியில் பழகிவிட்டு இதற்கு வரலாமா?

வரலாம், ஆனால் அது சுலபமான வழி என்று நினைத்துவிடாதீர்கள். கனம் குறைவு, கூர் அதிகம், சின்னத் தப்பையும் பொறுக்காது. ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற சுத்தத்துக்காகத்தான் சலூன்களில் அது இருக்கிறது. தோல்வார் வேலை இல்லை என்பது லாபம்.

கத்தியில் கறுப்புப் புள்ளிகள் வருகின்றன.

கார்பன் எஃகு துருப்பிடிக்கிறது. கழுவி, துணியால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைத்து, காற்றாடவிட்டு அப்புறம் மடியுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். சில நாள் எடுக்கப் போவதில்லை என்றால் எண்ணெய் ஒரு பூச்சு.

வெட்டினால்? கை வழுக்கினால்?

சின்ன வெட்டுக்குக் குளிர்ந்த நீர், படிகாரம், கொஞ்சம் அழுத்திப் பிடித்தல். முகப்பரு கிளம்பியிருக்கும் நாளிலும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் இந்தக் கத்தியை எடுக்காமல் இருப்பது நல்லது. வழுக்கிய கத்தியைப் பிடிக்க மட்டும் பாயாதீர்கள். கையை விலக்கி, காலை நகர்த்திக்கொள்ளுங்கள், விழட்டும். நான் ஒருமுறை பாய்ந்தேன். வலது கட்டைவிரலில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.