வீட்டில் சுடும் க்னெக்கேப்ரோவில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஒஸ்லோவில் 30 வருடமாக இருக்கிறேன், வயது 58. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து காலையில் பாணை (பிரெட்டை) நிறுத்திவிட்டு, வேலையிடத்துத் தோழி சொல்லித்தந்த, மெல்லிய மொறுமொறு ரொட்டியான க்னெக்கேப்ரோவை வீட்டிலேயே சுடுகிறேன். முழு ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) மாவு 100 கிராம், சூரியகாந்தி விதை, பூசணி விதை, ஆளி விதை, எள் தலா 50 கிராம், மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, கொதிநீர். 20 துண்டு வரும். மெல்லிசுதானே என்று நாலைந்து சாப்பிடுகிறேன். சர்க்கரை குறைந்திருக்கிறது, எடை ஏறுகிறது. ஏன்?

பதில்: உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டேன் அக்கா, அதே அளவில் ஒரு தட்டு சுட்டும் பார்த்தேன். இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவில் மாவை வைத்து உருட்டும்போது விதைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற இடமில்லாமல் ஒற்றை வரிசையாகப் படிகின்றன. மாவு அவற்றை ஒட்டவைக்கும் பசைபோலத்தான் இருக்கிறது, அதாவது நீங்கள் சாப்பிடுவது பெரும்பாலும் விதை. தராசில் ஒரு துண்டு 17 கிராம் வந்தது.

மொத்தத் தட்டிலும் ஏறக்குறைய 1,800 கலோரி. ஒரு துண்டுக்கு 90 கலோரி, புரதம் இரண்டரை கிராம், நார்ச்சத்து 2 கிராம், சர்க்கரையாக மாறும் மாச்சத்து 4 கிராம்தான். 35 கிராம் எடையுள்ள ஒரு துண்டு வெள்ளைப் பாணிலும் அதே 90 கலோரிதான், ஆனால் அதில் மாச்சத்து 15 கிராமுக்கு மேல். உங்கள் சர்க்கரை இறங்கியதும் எடை ஏறியதும் இரண்டுமே இதற்குள் இருக்கின்றன. பாணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர், இதிலோ தண்ணீர் எல்லாம் ஓவனில் போய்விடுகிறது, அதனால் கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஐந்து துண்டு என்றால் 450 கலோரி, அதன்மேல் வெண்ணெயும் பழுப்பு சீஸும் வைத்தால் ஒரு மதியச் சாப்பாடே ஆகிவிடும்.

நிறுத்தாதீர்கள், நல்ல சாப்பாடு இது. காலையில் இரண்டு துண்டு, கூடவே ஒரு முட்டை, வெள்ளரிக்காய், தக்காளி, அப்புறம் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர். நார்ச்சத்துக்குத் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் வயிறு கட்டும். ஆளி விதையில் பாதியை அரைத்துப் போடுங்கள், முழு விதை அப்படியே வெளியேறிவிடுவதால் அதிலுள்ள ஒமேகா-3 உடம்பில் சேராது. எண்ணெயை ஒரு மேசைக்கரண்டி ஆக்கினாலும் துண்டு மொறுமொறுப்பாகவே வந்தது, உப்பையும் பாதியாக்கலாம்.

இன்னும் குறைக்க வேண்டுமென்றால் ஸ்வீடன்காரர்களின் பழைய வகை இருக்கிறது. வட்டமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, கோலில் கோர்த்துக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட்ட ரொட்டி அது. ரை மாவு, தண்ணீர், உப்பு, புளித்த மாவு, அவ்வளவுதான். 12 கிராம் துண்டில் 40 கலோரியும் 2 கிராம் நார்ச்சத்தும் இருக்கும். ஆனால் மாச்சத்து உங்களுடையதைவிட அதிகம், ஆகவே சர்க்கரைக்கு உங்களுடையதே மேல்.

கேள்வி: நன்றாகச் சிவக்கச் சுட்டால்தான் ருசி. அது கெடுதல் என்கிறார்களே, உண்மையா? (ஸ்டாக்ஹோம் வாசகர்)

பதில்: உண்மைதான். மாச்சத்துள்ள பண்டத்தை 120 டிகிரிக்கு மேல் வறுத்தாலோ சுட்டாலோ, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகும் என்பதை 2002-ல் உலகுக்குச் சொன்னவர்களே உங்கள் ஊர் ஆராய்ச்சியாளர்கள். ஐரோப்பிய ஒன்றியம் இந்த ரொட்டிக்கென்றே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது, கிலோவுக்கு 350 மைக்ரோகிராம். வீட்டில் அளக்க முடியாது, நிறத்தைப் பாருங்கள். 150 டிகிரியில் ஒரு மணிநேரம், இடையில் இரண்டு மூன்று தடவை கதவைத் திறந்து நீராவியை வெளியே விடுங்கள். பொன்னிறத்திலேயே மொறுமொறுப்பு வந்துவிடும், கருத்த ஓரங்களை உடைத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு செலியாக் நோய். ரை மாவு கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கோதுமை, பார்லிபோல ரையிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு, செலியாக் நோயாளிகளுக்கு ஆகாதது அதுதான். மாவுக்குப் பதில் சோள மாவு போடுங்கள், ஆளி விதை கொதிநீரில் ஊறி வழவழவென்று ஆகி மற்றதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். தட்டையும் மாவு உருட்டும் கட்டையையும் நன்றாகக் கழுவிவிட்டுச் செய்யுங்கள்.