பச்சோந்தி கடிக்கும் இலை

அன்புள்ள ஐயா,

ஓர் ஏமன் பச்சோந்தி வளர்க்கிறேன். பெண், வயது ஏழு மாதம் இருக்கும். தினமும் மீல்வார்ம் புழு வைக்கிறேன், கிண்ணத்தில் தண்ணீரும் உண்டு. கூண்டில் பிளாஸ்டிக் கொடிகள் கட்டியிருக்கிறேன். சில நாட்களாக அந்த இலைகளைக் கடிக்கிறது, புழுவை ஒதுக்குகிறது. பூச்சி தின்னும் பிராணிக்கு இலை எதற்கு? நிஜச் செடி வைப்பதானால் எதை வைப்பது? மணி பிளாண்ட் விஷம் என்று சிலரும், அதுதான் நல்லது என்று சிலரும் சொல்கிறார்கள். பச்சைச் செடி வைத்தால் அதன் நிறமும் மாறுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிளாஸ்டிக் கொடியை இன்றே அவிழ்த்துவிடுங்கள். ஒரு துண்டு உள்ளே போனால் குடலை அடைத்துக்கொள்ளும்.

ஏமனிலும் சவூதியின் தென்மேற்கிலும் வாழும் இந்த இனம் பூச்சியோடு இலை, பூ, காய் எல்லாவற்றையும் கடிக்கும். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி அவ்வளவாக இலையைத் தொடாது. ஆகவே உங்கள் கூண்டில் வைக்கும் எந்தச் செடியும் ஒருநாள் அதன் வாய்க்குள் போகும் என்று நினைத்தே தேர்ந்தெடுங்கள்.

மணி பிளாண்ட் பற்றி இரு தரப்பும் சொல்வது சரிதான். அதன் இலையில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. மனிதர், பூனை, நாய் மென்றால் வாய் எரியும். ஆனால் பச்சோந்தி வளர்ப்பவர்கள் நெடுங்காலமாக அதைக் கூண்டில் வைத்திருக்கிறார்கள், அவ்வப்போது கடிப்பதால் பெரிதாக ஒன்றும் ஆனதில்லை. அதே குடும்பத்து டிஃபன்பாக்கியா வேண்டவே வேண்டாம், அதன் எரிச்சல் கடுமையானது. அரளி, ஊமத்தை, எருக்கு, பால் வடியும் கள்ளி இவற்றைக் கூண்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

என்னைக் கேட்டால் செம்பருத்திதான் முதல் தேர்வு. இலையையும் பூவையும் தாராளமாகத் தின்னலாம், கிளையும் எடை தாங்கும். வெளிச்சம் மட்டும் நிறைய கேட்கும். கீழே படர மணி பிளாண்ட் போதும். நர்சரியிலிருந்து வந்த செடியை உடனே உள்ளே வைக்காதீர்கள். வேர் வழியே ஏறிய பூச்சிமருந்து இலைக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போகாது. மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வளரவிட்டு, புதுத் தளிர்கள் வந்தபின் வையுங்கள். தொட்டி மண்ணின் மேல் அதன் வாயில் நுழையாத அளவு பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள்.

செடிதான் அதற்குத் தண்ணீர்ப் பானையும். கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்வதில்லை, இலையில் வழியும் துளியைத்தான் நக்கும். காலையும் இரவும் இலை நனையத் தெளியுங்கள், பகலில் ஒரு சொட்டுக் குழாய் வையுங்கள். நடுவில் எல்லாம் உலரவும் வேண்டும், எப்போதும் ஈரமாக இருந்தால் நுரையீரலில் தொற்று வரும். எச்சத்தோடு வரும் யூரிக் பகுதி, அதாவது சிறுநீருக்குப் பதிலாக வரும் கெட்டிப் பகுதி, வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதுகிறது, நன்றாக மஞ்சளோ ஆரஞ்சோ ஆனால் போதவில்லை.

சாப்பாட்டில்தான் உங்களோடு சண்டை. மீல்வார்மில் கொழுப்பு அதிகம், கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைவிடப் பல மடங்கு. அதையே தினமும் கொடுத்தால் எலும்பு வளையும். கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், பட்டுப்புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் மட்டும் கால்சியம் இயல்பாகவே அதிகம். எந்தப் பூச்சியும் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைவிட நீளமாக இருக்கக் கூடாது. கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பூச்சிக்குக் கீரை, கேரட், பூசணி தின்னக் கொடுங்கள். பட்டினிப் பூச்சியைத் தின்றால் ஓட்டைத் தின்ற மாதிரிதான். பூச்சியின் மேல் வைட்டமின் டி3 சேராத கால்சியம் பொடியைத் தூவுங்கள், டி3யும் மற்ற வைட்டமின்களும் சேர்ந்த பொடி மாதம் இருமுறை போதும். தின்னாமல் விட்ட பூச்சிகளை மாலையில் எடுத்துவிடுங்கள். தூங்கும் பச்சோந்தியைக் கிரிக்கெட் கடிக்கும். மின்மினி ஒன்றே ஒன்றுகூடப் பச்சோந்தியைக் கொல்லக்கூடிய விஷம், அதை மறந்தும் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கு இருந்தால்தான் பயன் தரும். அது இல்லாமல் கால்சியம் உடலில் சேராது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும். பழைய விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தாலும் கதிர் தேய்ந்திருக்கும், 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றுங்கள்.

நிறம் பற்றிக் கேட்டீர்கள். செடிக்கு ஏற்ப மாறாது. பாந்தர் பச்சோந்தியின் தோலில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி விரிந்து சுருங்குவதால் நிறம் மாறுகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. கோபமும் வெப்பமும்தான் பெரும்பாலும் காரணம். மறைந்துகொள்ள இலை அடர்த்தியாக இருந்தால் பயம் குறையும், கருமை தட்டாது. அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது புழுவை ஒதுக்குவதுதான். ஒரே தீனியில் வந்த சலிப்பாகவும் இருக்கலாம். ஆனால் இந்த வயதுப் பெண் ஆண் துணையே இல்லாமலும் முட்டை கட்டும், அப்போதும் தீனியை ஒதுக்கலாம். தினம் வயிறு நிறையத் தின்றால் ஒரே ஈட்டில் அறுபது, எழுபதுகூட வரும், அது தாயை உருக்கிவிடும். அன்பாகக் கொடுக்கும் தீனிதான் இங்கே எதிரி. முழு வளர்ச்சி அடைந்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி போதும். அது முட்டையிட ஒரு அடி ஆழமுள்ள தொட்டியில், தோண்டினால் சரியாத ஈரப்பதத்தில் மணலும் மண்ணும் கலந்து நிரப்பி இப்போதே கூண்டில் வையுங்கள். தோண்டும்போது எட்டிப் பார்க்காதீர்கள், ஆள் தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடும்.

பகலிலேயே கண் மூடிக் கிடந்தாலோ, கண் குழிந்திருந்தாலோ, தரையில் உட்கார்ந்து எழாவிட்டாலோ நர்சரிக்குப் போகும் வேலையைத் தள்ளிவைத்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். முட்டை உள்ளே தங்கிவிட்டால் காத்திருக்க நேரம் இருக்காது.