போஸ்ட்-டாக் தேடுபவர்களுக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சில பதில்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, உயிரியலில் முனைவர் பட்டம் முடியப்போகிறது. போஸ்ட்-டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு இடம் ஒன்றுக்காக மூன்று மாதமாகப் பல்கலைக்கழக விளம்பரங்களைப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. வேறு எங்கே தேடுவது?

விளம்பரத்துக்காகக் காத்திருக்காதே தம்பி. இங்கே பல இடங்கள் விளம்பரமாகும் முன்பே பேசி முடிந்துவிடும். உன்னைத் தன் ஆய்வுக்குழுவில் ஏற்கும் பேராசிரியர் ஒருவரை முதலில் பிடி. தேசிய ஆய்வு நிறுவனமான என்.ஆர்.எஃப். தரும் நிதிக்கு விண்ணப்பிக்கவும் அவர் வேண்டும். 2006-ல் தொடங்கிய சார்ச்சி என்ற அரசுத் திட்டத்தின் ஆய்விருக்கைகளை வகிக்கும் பேராசிரியர்களைப் பார். மாணவர்களுக்கும் போஸ்ட்-டாக்குகளுக்கும் கொடுக்க அவர்கள் கையில் நிதி இருக்கும். உன் துறைக்கு டர்பனிலேயே காப்ரிசா, ஆஹ்ரி என்று இரண்டு ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி., காசநோய் இரண்டிலும் உலகமே கவனிக்கும் வேலை அங்கே நடக்கிறது.

எழுதும்போது எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடாதே. எனக்கும் அப்படிப்பட்ட கடிதங்கள் வருகின்றன. என் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும், அதனால் பதில் எழுத மனம் வருவதில்லை. அவருடைய சமீபத்திய கட்டுரையை உட்கார்ந்து படி. அதில் எந்தச் சோதனையை நீ மேலே கொண்டுபோக முடியும் என்று நாலு வரி எழுது. சிவியை இணை. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டு. அதில் தப்பே இல்லை.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தங்கை: பட்டம் வாங்கி ஆறு ஆண்டு ஆகிறது. இடையில் இரண்டு குழந்தைகள். காலம் கடந்துவிட்டதா அக்கா?

இல்லை அம்மா. இங்கே பல பல்கலைக்கழகங்கள் பட்டம் பெற்று 5 ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. பிள்ளைப்பேற்று இடைவெளியைக் கழிப்பார்களா என்று ஆய்வு அலுவலகத்தில் தயங்காமல் கேள். ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்-டாக் நிதித் திட்டத்தில் எல்லை 8 ஆண்டு, அந்த இடைவெளியையும் கழித்துவிடுவார்கள். ஐரோப்பாவுக்குப் போக எந்த நாட்டவரும் விண்ணப்பம் போடலாம். ஆனால் நீ போகும் நாட்டில், விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது.

மதுரையில் பட்டம் வாங்கிய ஒருவர்: என் பட்டம் இங்கே செல்லுமா?

கல்வித் தகுதிகளைச் சரிபார்க்கும் சாக்வா என்ற அமைப்பில் பட்டத்தை மதிப்பீடு செய்து சான்று வாங்குங்கள். விசாவுக்கும் பெரும்பாலும் கேட்பார்கள். நேரம் பிடிக்கும் வேலை, அதனால் இன்றே தொடங்கிவிடுங்கள்.

லெனேஷியாவிலிருந்து ஒரு தாயார்: மகள் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்-டாக்காகத்தானே இருக்கிறாள், வங்கி ஏன் வீட்டுக்கடன் தர மாட்டேன் என்கிறது?

அம்மா, இதைப் பலர் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் போஸ்ட்-டாக்கைப் பொதுவாக ஊழியராகக் கணக்கில் வைப்பதில்லை. வருவது உதவித்தொகை. அதற்கு வருமான வரி பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஓய்வூதியம் இல்லை, மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இல்லை, வேலையிழப்புக் காப்பீட்டு நிதியான யூ.ஐ.எஃப். இல்லை. யூ.ஐ.எஃப். இல்லாததால் பிள்ளைப்பேற்றுக் காலத்துக்கு அங்கிருந்தும் பணம் வராது. வங்கி கேட்பது சம்பளச் சீட்டு, அதுவும் அவளிடம் இருக்காது. முனைவர் பட்டம் வாங்கி முழுநேரம் உழைக்கும் பிள்ளைகளை இப்படி வைத்திருப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மகளை மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: இரண்டாம் ஆண்டு புதுப்பிப்பை எந்த மாதம் முடிவு செய்வார்கள்? பிள்ளைப்பேற்றின்போது பணம் தொடருமா? மாநாட்டுப் பயணச் செலவு யாருடையது? பதிலை எழுத்தில் வாங்கட்டும். நான் முதல் கேள்வியைக் கேட்கவில்லை. டிசம்பரோடு பணம் நின்றது, புதுப்பிப்புக் கடிதம் பிப்ரவரியில்தான் வந்தது. அந்த இரண்டு மாத வாடகையை என் அண்ணன் கட்டினார்.