அமெரிக்காவின் பிலடெல்பியா: கத்தோலிக்க ஆயர்களும் பள்ளிகளும் – கேள்வி பதில்

கேள்வி: வில்லநோவா பல்கலைக்கழகம் பேராயரின் கட்டுப்பாட்டில்தானே?

இல்லை. 1842ல் தொடங்கியவர்கள் அகுஸ்தீனார் சபை என்ற துறவற சபையினர். எந்தப் பள்ளி, கல்லூரி பற்றிக் கேட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது பங்கினுடையதா (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த சமூகம்), மறைமாவட்டத்தினுடையதா (ஆயரின் ஆளுகைப் பகுதி), துறவற சபையினுடையதா என்பது. கட்டணம், நியமனம், மூடுவது என எல்லாவற்றிலும் முடிவெடுப்பவர் யார் என்பது அதைப் பொறுத்தது.

கேள்வி: 1844ல் கத்தோலிக்கருக்கு எதிராக நடந்த கலவரம், பிலடெல்பியா ஆயர் கென்ரிக் பள்ளிகளில் விவிலியத்தைத் தடை செய்யச் சொன்னதால் வந்ததுதானே?

அப்படி அவர் சொல்லவில்லை. 1842 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கத்தோலிக்கப் பிள்ளைகள் புரொட்டஸ்டன்ட்டுகளின் ஜேம்ஸ் மன்னர் விவிலியப் பதிப்புக்குப் பதிலாகக் கத்தோலிக்கரின் டூவே பதிப்பை வாசிக்க விடுங்கள் என்றுதான் கேட்டார். குழு 1843 ஜனவரியில் ஒத்துக்கொண்டது, ஆனால் ஒரு கொக்கி போட்டு: எந்தப் பதிப்பானாலும் குறிப்போ விளக்கமோ இருக்கக்கூடாது. டூவே பதிப்பு அடிக்குறிப்போடு வருவது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டார்கள்.

1844ல் பிலடெல்பியாவை ஒட்டிய கென்சிங்டனில் பள்ளி நிர்வாகியாக இருந்த கத்தோலிக்கர் ஹியூ கிளார்க், பிரச்சினை தீரும்வரை விவிலிய வாசிப்பை நிறுத்தி வைக்கலாம் என்று சொன்னதாகச் செய்தி பரவியது. அது வாய்க்கு வாய் மாறி, 'விவிலியத்தையே எடுக்கிறார்கள்' என்று ஆயிற்று. மே 8 அன்று கலவரக்காரர்கள் புனித மிக்கேல், புனித அகுஸ்தீனார் ஆகிய கத்தோலிக்க ஆலயங்களை எரித்தார்கள்.

கேள்வி: கடிதம் கிடக்கட்டும். அரசுப் பள்ளி நிதியில் பங்கு கேட்பதுதான் ஆயர்களின் உள்நோக்கம்.

அது நியூயார்க். 1840ல் அங்கே வெளிப்படையாகவே பங்கு கேட்டவர் அவ்வூர் ஆயர் ஜான் ஹியூஸ். கென்ரிக்கின் கடிதத்தில் பணப் பேச்சே இல்லை. இருவரையும் ஒரே ஆளாக்கினால் கலவரத்தின் காரணம் புரியாது.

கேள்வி: அப்புறம் அரசுப் பள்ளிகளில் விவிலிய வாசிப்பு எப்போது நின்றது?

1963ல். பிலடெல்பியாவை ஒட்டிய அபிங்டனிலிருந்து போன வழக்கு. தினமும் குறைந்தது 10 வசனம், விளக்கமில்லாமல் வாசிக்க வேண்டும் என்ற பென்சில்வேனியாச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே 'விளக்கமில்லாமல்'! வழக்குப் போட்டவர்கள் கத்தோலிக்கர் அல்ல, மூவொரு கடவுள் கொள்கையை ஏற்காத யூனிட்டேரியன் பிரிவைச் சேர்ந்த குடும்பம்.

கேள்வி: கத்தோலிக்கப் பள்ளிகளைத் தொடங்கியவர் புனித நியூமன்தானே?

பங்குப் பள்ளிகள் அவருக்கு முன்பே இருந்தன. 1852ல் ஆயரான ஜான் நியூமன் அவற்றை மறைமாவட்ட அளவில் ஒரே அமைப்பாக்கினார்.

கேள்வி: ஆசிரியர் சம்பளத்தை அரசே தரும் உதவி பெறும் பள்ளிகள் அங்கே உண்டா?

கிடையாது, ஆனால் முயற்சி நடந்தது. 1968ல் பென்சில்வேனியா சட்டம் போட்டு, தனியார் பள்ளிகளில் கணிதம், நவீன அயல்மொழி, இயற்பியல் அறிவியல், உடற்கல்வி ஆகிய பாடங்களுக்கு மட்டும் சம்பளத்தையும் புத்தகச் செலவையும் ஈடுகட்டியது. பணம் முதலில் குதிரைப் பந்தய வரியிலிருந்து, பிறகு சிகரெட் வரியிலிருந்து. 1971ல் உச்ச நீதிமன்றத்தில் லெமன் என்பவரின் வழக்கில் அது விழுந்தது. மதச்சார்பற்ற பாடத்துக்கு மட்டுமே பணம் போகிறதா என்று பார்க்க அரசு பள்ளிக் கணக்கைத் தோண்ட வேண்டும். அந்தப் பின்னலே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். ஆகவே இப்போது சுற்றுவழி. 2001 சட்டப்படி நிறுவனம் உதவித்தொகை அமைப்புக்கு நன்கொடை தந்தால் அதில் 75 சதவீதம் வரியில் கழியும், இரண்டு ஆண்டு வாக்குறுதி தந்தால் 90. பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டியது அந்த அமைப்புக்கு, பேராயருக்கு அல்ல.

கேள்வி: லசால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கப் பேராயர் அலுவலகத்துக்கு எழுதலாமா?

லசால் பல்கலைக்கழகம் 'கிறிஸ்தவச் சகோதரர்கள்' என்ற துறவற சபையினுடையது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இத்தனை பள்ளிகளை மூடியது அப்போதைய பேராயர் ஷாப்புவின் முடிவா?

2012 ஜனவரியில் 45 தொடக்கப் பள்ளிகளையும் 4 உயர்நிலைப் பள்ளிகளையும் மூடவோ இணைக்கவோ பரிந்துரைத்தது ஓர் ஆணையம். 1961ல் சுமார் 2,50,000 மாணவர்கள். 2012 வாக்கில் 68,000 பேர்தான். சம்பளமே இல்லாதது போல உழைத்த அருள்சகோதரிகளின் இடத்துக்குச் சம்பள ஆசிரியர்கள் வந்தபின் கட்டணம் ஏறியது, பிள்ளைகள் குறைந்தார்கள். அந்த 4 உயர்நிலைப் பள்ளிகளையும் மூடவில்லை என்று பிப்ரவரியில் அறிவித்ததும் ஷாப்புவே.

கேள்வி: செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகமாவது பேராயருடையதா?

இயேசு சபை. முதல் பதில்.