பற்கூழ்: கேள்விகளும் பதில்களும்

ரூட் கெனால், அதாவது கெட்டுப்போன பற்கூழை எடுத்துவிட்டு வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, செய்வதுதான் பல் டாக்டரான என் அன்றாட வேலை. பல்லுக்குள் இருக்கும் கூழ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாக்டர், பல்லுக்கு உள்ளே இருப்பது வெறும் நரம்புதானே?

நரம்பும் உண்டு, ரத்தக் குழாய்களும் உண்டு, செல்களும் உண்டு. எல்லாம் சேர்ந்த மென்மையான திசுதான் பற்கூழ். வெளியே எனாமல் என்ற கடினமான மேலுறை, அதற்குள் டென்டின் என்ற கெட்டியான அடுக்கு, நடுவே ஓர் அறை. அந்த அறையிலிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் குழாய் இறங்கும். வேர் நுனியில் இருக்கும் நுண்ணிய துளை வழியாகத்தான் ரத்தம் உள்ளே வந்து போகிறது. நல்ல நிலையில் உள்ள கூழை ஊசியில் சுற்றி எடுத்தால் இளஞ்சிவப்பு இழையாக வெளியே வரும். சராசரியாக ஒரு பல்லில் 0.02 கன சென்டிமீட்டர்தான், ஒரு சொட்டுத் தண்ணீரில் பாதிகூட இல்லை.

வலி கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இருக்கிறதா?

இருக்கிறது, அதுதான் முக்கியமான வேலை. கூழின் ஓரத்தில் ஓடோன்டோபிளாஸ்ட் என்ற செல்கள் வரிசையாக நிற்கும். டென்டினைக் கட்டுவது அவைதான். பல் முளைத்த பிறகும், கூழ் உயிரோடு இருக்கும்வரை மெதுவாகக் கட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அறுபது வயதுக்காரர் எக்ஸ்ரேயில் கூழ் அறை சுருங்கித் தெரியும். சொத்தை மெதுவாக இறங்கினால் அந்தப் பக்கம் புது டென்டினைப் போட்டுத் தடுக்கவும் பார்க்கும். எனாமலுக்கு இந்த வசதி கிடையாது, அதைச் செய்த செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடும்.

சொத்தை எதுவும் இல்லை, ஆனால் ஐஸ் வாட்டர் பட்டால் சுளீர் என்கிறது. ஏன்?

ஈறு இறங்கியோ, அழுத்தித் தேய்த்ததாலோ டென்டின் வெளியே தெரியலாம். அதில் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள், அவற்றுக்குள் திரவம். குளிர் பட்டதும் திரவம் நகர்கிறது, கூழோரத்து நரம்பு அதை உணர்கிறது. சுவீடனின் பல் ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் இதைச் சோதனைகளால் விளக்கினார். குளிரை எடுத்ததும் கூச்சம் நின்றால் பெரும்பாலும் கூழ் நன்றாகவே இருக்கிறது. அதன் பிறகும் வலி நீடித்தால் காட்டிவிடுங்கள்.

பகலில் சும்மா இருக்கும் பல், ராத்திரி படுத்ததும் உயிரை எடுக்கிறது. எந்தப் பல் என்றும் சொல்லத் தெரியவில்லை.

தம்பி, இது கூழ் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். கையில் கட்டி வந்தால் தோல் வீங்கி இடம் கொடுக்கும். பல்லுக்குள் நாலு பக்கமும் கெட்டியான டென்டின் சுவர், வீங்க இடமே இல்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி அது இன்னும் ஏறும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்குவது அதனால்தான்.

எந்தப் பல் என்று தெரியாததற்கும் காரணம் உண்டு. இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது வேரைச் சுற்றியுள்ள தசைநாரில் இருக்கும் நரம்புகள். கூழின் நரம்புகளுக்கு அந்தத் திறன் குறைவு, கீழ்ப்பல் வலி காதில்கூடத் தெரியும். தூங்கவிடாமல் தானாகவே வரும் வலி என்றால் கூழ் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். அப்புறம் ஒன்று, மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்காதீர்கள். ஆஸ்பிரின் ஈறை வெந்துபோகச் செய்யும்.

ஒரு வாரம் வலித்தது, கிராம்புத் தைலம் வைத்தேன், இப்போது சுத்தமாக வலி இல்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள், ஐயா. கிராம்பில் உள்ள யூஜெனால் மரத்துப்போக வைக்கும், சொத்தையை ஆற்றாது. கடுமையாக வலித்த பல் திடீரென அடங்கினால் கூழ் செத்துப்போயிருக்கலாம். செத்த கூழுக்கு வலி தெரியாது. ஆனால் கிருமிகள் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும், சில மாதம் கழித்துச் சீழ் கட்டி முகம் வீங்கும். என்னிடம் தாமதமாக வருகிறவர்களில் பலர், வலி நின்றதை நம்பி இருந்துவிட்டவர்கள்தான். முகம் வீங்கிக் காய்ச்சலோ, விழுங்கச் சிரமமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எட்டு வயது மகன் விழுந்து முன்பல் பாதி உடைந்துவிட்டது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறது.

அம்மா, அந்தச் சிவப்புப் புள்ளி கூழ்தான். இன்றே கூட்டிப் போங்கள். உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துப் போங்கள், ஒட்ட முடியலாம். இந்த வயதில் முன்பல்லின் வேர் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. வளர வேண்டுமானால் கூழ் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் முழுக் கூழையும் எடுக்காமல், மேலே இரண்டு மில்லிமீட்டர் அளவு மட்டும் நீக்கி, மருந்து வைத்து மூட முடியுமா என்றுதான் முதலில் பார்ப்போம். இந்தச் சிகிச்சை பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. ரூட் கெனால் அவசரமா என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

கூழை எடுத்தபின் அந்தப் பல்லில் கடிக்கும்போது எப்படி உணர்வு இருக்கிறது?

கடிப்பதை உணர்வது நான் மேலே சொன்ன தசைநார், அது அப்படியே இருக்கும். சூடு, குளிர்தான் தெரியாது. கடைவாய்ப்பல் என்றால், பல்லை மூடும் உறையான கேப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். சொத்தையும் சிகிச்சைக்காகப் போட்ட துளையும் சேர்ந்து பல் பலவீனமாகியிருக்கும், கெட்டியான எதையாவது கடித்தால் பிளந்துவிடும்.